எல்லைப்புற விளைகளுக்கு எந்த இரும்புக் கொட்டகை?
பாறசாலை வட்டாரத்தில் ஆயத்தக் கிட்டங்கிகள் குறித்து ஓர் ஆய்வு

பாறசாலை, காரோடு, செங்கல், கொல்லயில், குன்னத்துகால், வெள்ளறடை என்று நெய்யாற்றின்கரை வட்டத்தின் தெற்கிலும் கிழக்கிலும் கேரள–தமிழ்நாடு எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில், விளைக்குள் ஒரு கொட்டகை போட நினைப்பவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: “சதுர அடிக்கு என்ன ஆகும்?” வெல்டிங் பட்டறைக்காரர் ஒரு தொகை சொல்வார். களியக்காவிளையிலோ மார்த்தாண்டத்திலோ ஷீட் விற்கும் கடைக்காரர் இன்னொன்று சொல்வார். தொழிற்சாலையில் செய்து, லாரியில் கொண்டுவந்து, போல்ட் போட்டுப் பூட்டித் தரும் கம்பெனியின் ஆள் மூன்றாவதாக ஒரு தொகை சொல்வார். ஒரே பொருளுக்கு மூன்று விலை என்று நினைத்து, குறைந்ததைப் பிடித்துக்கொள்கிறோம். ஆனால் அவை மூன்றும் வெவ்வேறு பொருட்கள்.

வேறுபாடு இரும்பில் பெரிதாக இல்லை. எந்த இரும்பு, எத்தனை கனம், எங்கே பூட்ட வேண்டும், தரையோடு எப்படிப் பிடிக்க வேண்டும் என்று முன்கூட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்தார்களா என்பதில் இருக்கிறது. அந்தக் கணக்கு இருந்தால் உள்ளூர்ப் பட்டறை செய்த கொட்டகையும் நிற்கும். இல்லையென்றால் பெரிய கம்பெனியின் பெயர் அச்சிட்ட ஷீட்டும் பறக்கும். இந்த வட்டாரத்தின் காற்று, மழை, உப்பு, நிலம், சட்டம், வழி ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இது விளங்கும்.

ஓலையிலிருந்து தகட்டுக்கு

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் சேமிப்புக்கென்று தனிக் கட்டடம் குறைவு. நெல்லுக்குப் பத்தாயம், தேங்காய்க்கும் விறகுக்கும் ஓலைச்சாய்ப்பு, வசதியானவர்களுக்கு மரத்தாலான அறை. பேசல் மிஷன் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு மேற்குக் கரை முழுவதும் ஓடு பரவியது. அதன்பின் ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருப்பதால், புதிதாகப் போடுகிறவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது.

தகடு அதைவிடப் பழையது. ஹென்றி ராபின்சன் பால்மர் என்ற பொறியாளர் 1829-இல் லண்டனில் நெளிவுத் தகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். தட்டையான மெல்லிய தகடு தன் எடைக்கே தொய்ந்துவிடும். நெளித்துவிட்டால் மனிதன் ஏறி நிற்கத் தாங்கும். 1837-இல் பிரான்சில் ஸ்தனிஸ்லாஸ் சொரெல் துத்தநாகப் பூச்சுக்குக் காப்புரிமை பெற்றதும், துருப்பிடிக்காத கூரை என்ற ஆசைக்கு வழி பிறந்தது. முதல் உலகப் போரில் 1916-இல் நிசன் குடிலும், இரண்டாம் உலகப் போரில் 1941-இல் குவான்செட் குடிலும் ஆயத்த இரும்புக் கட்டடத்தை உலகெங்கும் கொண்டுபோயின. லாரியில் ஏற்று, இறக்கு, பூட்டு என்பதுதான் அன்றும் இன்றும் அதன் சாரம். இந்தியாவில் 1990-களின் பொருளாதார மாற்றங்களுக்குப் பின்னர்தான் இது தொழிற்சாலைகளையும் கிட்டங்கிகளையும் பெருமளவில் பிடித்தது.

கேரளத்தில் இதற்கு வேறொரு வாசலும் உண்டு. கான்கிரீட் மொட்டைமாடி ஒழுகுகிறது என்று அதன்மேல் இரும்புக் குழாய் நிறுத்தி ஷீட் போடும் ‘ட்ரஸ் ஒர்க்’ ஊர்தோறும் பரவி, அந்த வேலை தெரிந்த பட்டறைகளும் ஆட்களும் எங்கும் கிடைக்கிறார்கள். விளைக்குள் நிற்கும் கொட்டகைகளில் பெரும்பாலானவை அந்தக் கைகள் செய்தவையே. மாடிமேல் போடும் கூரைக்குக் கீழே கனத்த கான்கிரீட் வீடு பிடிமானமாக இருக்கிறது. வெட்டவெளியில் நிற்கும் கொட்டகைக்கு அந்தப் பிடிமானம் இல்லை. ஆனால் வேலை செய்யும் முறை மாறவில்லை.

எதை வைக்கப் போகிறோம்?

கொட்டகையின் அளவையும் வகையையும் உள்ளே வைக்கும் பொருள்தான் தீர்மானிக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் அது பெரும்பாலும் ரப்பர் ஷீட், ஒட்டுப்பால், தேங்காய், கொப்பரை, மிளகு, உரம், கருவிகள், வாடகைக்கு விடும் சென்ட்ரிங் தகடுகள், ஒரு பவர் டில்லர் அல்லது பிக்கப் வண்டி.

ரப்பரையே எடுத்துக்கொள்வோம். நாட்டின் சராசரி மகசூல் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 முதல் 1,500 கிலோ. ஓர் ஏக்கருக்கு 600 கிலோ என்று வைத்தாலும், காய்ந்த ஷீட்டை விலை பார்த்து ஆறு மாதம் அடுக்கி வைக்க வீட்டின் ஒரு சிறிய அறை போதும். ஆக, ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஆயிரம் சதுர அடிக் கொட்டகை ரப்பருக்காகத் தேவையில்லை. தேவைப்படுவது பலரிடம் பால் வாங்கும் ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்துக்கும், தேங்காய் வாங்கி விற்கும் வியாபாரிக்கும், வண்டியும் எந்திரமும் வைத்திருப்பவருக்கும்தான். இந்த முதல் கேள்வியில் நேர்மையாக இருந்தால் பாதிச் செலவு மிச்சம்.

அடுத்தது, பொருளுக்கும் இரும்புக்கும் உள்ள பகை. ரப்பர் பாலைக் கெடாமல் வைக்க அமோனியா, உறையவைக்க ஃபார்மிக் அமிலம். இரண்டின் ஆவியும் பூச்சை அரிக்கும். பொட்டாஷ் உரம் என்று நாம் வாங்குவது பொட்டாசியம் குளோரைடு. அதில் இருக்கும் குளோரைடு கடல் உப்பில் இருப்பதேதான். உர மூட்டை கிழிந்து தூள் தகட்டின் அடியில் தங்கி ஈரம் பட்டால், கடற்கரையில் நடப்பது இங்கும் நடக்கும். மாட்டுச் சாணம், மூத்திரத்தின் அமோனியா அலுமினியம்–துத்தநாகப் பூச்சுக்கு ஆகாது. அதனால் தொழுவத்தையும் கிட்டங்கியையும் ஒரே கூரைக்குக் கீழே சேர்க்கக் கூடாது. ரப்பர் ஷீட்டைக் காயவைக்கும் புகைப்புரையும் தனியாகவே இருக்க வேண்டும். ரப்பர் எளிதில் தீப்பிடிக்கும். எஃகு எரியாதுதான், ஆனால் சூடு 600 டிகிரியை நெருங்கும்போது தன் பலத்தில் பாதியை இழந்து வளைந்து விழும்.

ஐந்து வகைகள்

சந்தையில் கிடைப்பவற்றை ஐந்தாகப் பிரிக்கலாம்.

முதலாவது, முழு ஆயத்தக் கட்டடம். தகட்டை வெட்டி ஒட்டி, பளு அதிகம் விழும் இடத்தில் அகலமாகவும் குறையும் இடத்தில் ஒடுக்கமாகவும் செய்த சட்டங்கள், அவற்றின்மேல் பர்லின்கள் என்னும் இசட் வடிவக் குறுக்குச் சட்டங்கள், அதன்மேல் ஷீட். நடுவில் தூண் இல்லாமல் 15, 20 மீட்டர் அகலம் வேண்டுமானால் இதற்கு ஈடில்லை. ஐந்து, ஆறு மீட்டர் அகலக் கொட்டகைக்கு இதன் மிச்சம் ஒன்றும் கிடைக்காது. வரைபடம், போக்குவரத்து, கிரேன் என்று சுற்றுச்செலவுதான் ஏறும்.

இரண்டாவது, சதுரக் குழாய்களால் பட்டறையில் செய்யும் ட்ரஸ். குழாய் 6 மீட்டர் நீளத்தில் வருவதால், அந்த அளவை ஒட்டித் திட்டமிட்டால் கழிவு குறையும். சின்னக் கொட்டகைகளுக்கு இதுவே பொருத்தம், கணக்குப் போட்டுச் செய்தால்.

மூன்றாவது, மெல்லிய துத்தநாகப் பூச்சுத் தகட்டைக் குளிர்நிலையில் மடித்துச் செய்யும் இலகுச் சட்டம். வெல்டிங் இல்லை, திருகாணி மட்டும். இரண்டு மூன்று ஆட்கள் தூக்கி நிறுத்திவிடலாம். ஆனால் தகடு மெலிது என்பதால் பூச்சு போனால் பலமும் சீக்கிரம் போகும். கனத்த பொருளைக் கூரையிலிருந்து தொங்கவிட முடியாது.

நான்காவது, ட்ரஸ் இல்லாத வளைவுக் கூரை. தகட்டை இடத்திலேயே உருட்டி வளைத்து, ஓரங்களைப் பிணைத்து ஒரே வளைவாக ஏற்றுவார்கள். பெரிய தானியக் கிட்டங்கிகளுக்கும் திருமண மண்டபங்களுக்கும் ஏற்றது. எந்திரமும் கிரேனும் வந்து நிற்க இடம் வேண்டும் என்பதால் சரிவான விளைகளில் நினைத்துப் பார்ப்பதே கடினம்.

ஐந்தாவது, பழைய கப்பல் கன்டெய்னர். 20 அடிப் பெட்டி ஏறக்குறைய 33 கன மீட்டர் கொள்ளும். இரண்டு டன்னுக்கு மேல் எடை. பூட்டு பலமானது, எலி நுழையாது, காற்று அசைக்காது. ஆனால் காற்றோட்டமே இல்லாததால் இரவில் உட்கூரை வேர்த்து ஒழுகும். கருவிகளுக்கு நல்லது, கொப்பரைக்கும் மிளகுக்கும் எமன்.

காற்று: கீழிருந்து மேலே

கொட்டகை விழுவதைப் பற்றிப் பேசும்போது நாம் நினைப்பது மேலிருந்து வரும் பாரம். மெலிந்த இரும்புக் கொட்டகையின் சிக்கல் அதற்கு நேரெதிர்: காற்று கூரையைத் தூக்குகிறது.

இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 875, மூன்றாம் பகுதி, 2015-இல் திருத்தப்பட்டது. அதில் திருவனந்தபுரத்துக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் மேல் விழும் அழுத்தம் 93 கிலோ எடைக்குச் சமம். லேசான சரிவுள்ள கூரையின் வெளிப்புறம் சராசரியாக அதில் பத்தில் எட்டுப் பங்கை மேல்நோக்கி இழுக்கும். கொட்டகை நன்றாக மூடியிருந்தால் உள்ளிருந்து தள்ளுவது பத்தில் இரண்டு பங்கு. சுவரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் திறப்பு இருந்தால் அது பத்தில் ஏழு பங்காக உயரும்.

10 மீட்டருக்கு 10 மீட்டர் கொட்டகை ஒன்றை எடுத்துக் கணக்குப் போடுவோம். ஒரு பக்கம் திறந்திருந்தால் தூக்கும் விசை ஏறக்குறைய 14 டன். சுற்றிலும் மரங்களின் மறைவு, கட்டடத்தின் ஆயுள் ஆகியவற்றைப் பார்த்துக் குறைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. மூன்றில் ஒரு பங்கைக் கழித்தாலும் 9 டன்னுக்குக் குறையாது. ஷீட், பர்லின், ட்ரஸ் எல்லாம் சேர்ந்த கூரையின் எடை 2 டன் அளவில் இருக்கும். மீதி 7 டன்னைத் தரையில் பிடித்து நிறுத்த வேண்டியவை ஆறு தூண்கள். சராசரியாக ஒரு தூணுக்கு 1,200 கிலோ; நடுத் தூண்களுக்கு அதைவிடக் கூடுதல்.

இனி, வழக்கமாகத் தோண்டும் குழியைப் பாருங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் அரை மீட்டர் என்றால் அதில் விழும் கான்கிரீட் 300 கிலோ. கீழே அகலமான பாதம் போட்டு, அதன்மேல் மண்ணை நிரப்பி இடித்தால் அந்த மண்ணின் எடையும் துணைக்கு வரும். குழாயை நேராகக் குழியில் நட்டுக் கான்கிரீட் ஊற்றினால் அந்தத் துணை இல்லை. அதோடு கான்கிரீட்டும் மண்ணும் சேரும் இடத்தில் ஈரம் தங்கிக் குழாய் அங்கேயே துருப்பிடிக்கும். தரை மட்டத்துக்கு மேலே அரை அடியாவது உயர்த்திய கான்கிரீட் பீடம், அதில் புதைத்த ஆங்கர் போல்ட், மேலே பேஸ் பிளேட் என்பதே சரியான முறை. தொழிற்சாலைக் கொட்டகை இதைத் தவிர்க்கவே முடியாது; போல்ட்டின் துளை பொருந்தாவிட்டால் தூண் நிற்காது. பட்டறைக் கொட்டகையில் இதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலோரமாகக் கடந்தபோது, குமரி மாவட்டத்திலும் திருவனந்தபுரத்தின் தெற்கிலும் ரப்பரும் வாழையும் மின்கம்பங்களும் சாய்ந்தன. ‘இந்தக் கரைக்குப் புயல் வராது’ என்ற நம்பிக்கை அன்றோடு போனது. புயல் இல்லாத ஆண்டிலும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். எனவே ரோலிங் ஷட்டரை மேற்கே வைக்காமல் இருப்பது நல்லது. காற்றில் ஷட்டர் பிய்ந்துவிட்டால், மூடிய கொட்டகையாகக் கணக்கிட்டது ஒரு நொடியில் திறந்த கொட்டகையாகிவிடும். ஓரங்களில் குறுக்கே போடும் கம்பிப் பிணைப்பையும் மறக்கக் கூடாது. கூரையோரத்திலும் மூலையிலும் இழுவை அதிகம் என்பதால் அங்கே திருகாணிகளை நெருக்கமாகப் போட வேண்டும்.

துருவும் தகடும்

பாறசாலையிலிருந்து பொழியூர்க் கடற்கரை நேர்கோட்டில் பத்துக் கிலோமீட்டருக்குள்தான். காரோடு, குளத்தூர்ப் பக்கம் இன்னும் நெருக்கம்; வெள்ளறடை தூரம். ஒரே வட்டத்துக்குள் துருவின் வேகம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், ‘அவர் போட்ட ஷீட்டே எனக்கும்’ என்பது சரிப்படாது.

ஐஎஸ்ஓ 9223 என்ற தரம் காற்றின் அரிக்கும் தன்மையை வகைப்படுத்துகிறது. நடுத்தர வகையில் துத்தநாகம் ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் வரை கரையும்; கடுமையான வகையில் 2.1 முதல் 4.2 வரை. சதுர மீட்டருக்கு 275 கிராம் என்று அச்சிட்ட பூச்சு இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துச் சொல்வது. ஒரு பக்கத்துக்கு 19 மைக்ரான். நடுத்தர இடத்தில் 9 முதல் 27 ஆண்டு வரும்; கடலோரத்தில் ஐந்து முதல் ஒன்பது. விலை குறைந்த 120 கிராம் பூச்சு ஒரு பக்கத்துக்கு 8 மைக்ரான் சொச்சம்தான். கடற்காற்று படும் இடத்தில் அது இரண்டு, மூன்று மழைக்காலத்திலேயே கரைந்துவிடக்கூடும். அதனால் கூரைக்கு அலுமினியம்–துத்தநாகக் கலவைப் பூச்சு, 150 கிராம், அதன்மேல் நிறப்பூச்சு என்பதே இந்தப் பக்கத்துக்குக் குறைந்தபட்சம். கடலை ஒட்டிய ஊர்களில் அலுமினியம் ஷீட்டையும் யோசிக்கலாம். அரை மில்லிமீட்டர் எஃகு சதுர மீட்டருக்கு 3.9 கிலோ, அதே கனத்தில் அலுமினியம் 1.35 கிலோ. துருப்பிடிக்காது. ஆனால் நெற்று விழுந்தால் சப்பிவிடும். அதைச் சாதாரண இரும்புப் பர்லினோடு ஈரம் தங்கும்படி நேராக ஒட்டவைத்தால் அலுமினியம்தான் அரிபடும். நடுவில் பெயின்ட்டோ ரப்பர்ப் பட்டையோ வேண்டும்.

கனத்தில் நடக்கும் விளையாட்டு தனிக்கதை. கடையில் ‘0.50’ என்று சொல்வது பெரும்பாலும் எஃகு, பூச்சு, பெயின்ட் எல்லாம் சேர்ந்த மொத்தக் கனம். உள்ளே எஃகு 0.42 அல்லது 0.43 மில்லிமீட்டர்தான். பலம் அந்த எஃகிலிருந்து வருகிறது. நல்ல தயாரிப்பாளர்களின் ஷீட்டில் பின்பக்கம் கனமும் பூச்சும் அச்சிட்டிருக்கும். அச்சு இல்லாத ஷீட்டை எடை போட்டுப் பாருங்கள். பூச்சை விட்டுவிட்டால், 0.40 மில்லிமீட்டர் எஃகு சதுர மீட்டருக்கு 3.14 கிலோ. நெளிவை விரித்தால் வரும் அகலத்தை, அதாவது சுருளின் அகலத்தை, வைத்துக் கணக்கிட வேண்டும். கடையின் தராசே போதும்.

ஆணியைப் பற்றியும் ஒரு சொல். தலைக்குக் கீழே கறுப்பு ரப்பர் வாஷர் உள்ள தானே துளையிடும் திருகாணிதான் இன்று வழக்கம். வாஷர் லேசாக அமுங்கி, உலோக விளிம்போடு ஒட்டி நிற்கும்வரை முடுக்க வேண்டும். ரப்பர் பிதுங்கி வெளியே வந்தால் அதிகம் முடுக்கியாயிற்று. வெயிலில் ஒரே ஆண்டில் வெடித்து ஒழுகும். துளையிடும்போது சிதறும் இரும்புத் துகளை அன்றன்றைக்கே துடைத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் ஒரே மழையில் கூரையெங்கும் துருப்புள்ளிகள் தெரியும். ஈரச் சிமென்ட் படும் இடத்திலும் அலுமினியக் கலவைப் பூச்சு கெடும். பக்கச்சுவரைத் தரைவரை ஷீட்டால் மூடாமல், மூன்று, நான்கு அடிக்கு வெட்டுக்கல் சுவர் எழுப்பி, அதன்மேல் ஷீட் போடுவது இந்த வட்டாரத்துக்கு எல்லா வகையிலும் பொருந்தும். மழைத் தெறிப்பும் உரமும் தகட்டைத் தொடாது. சுவரின் எடையும் அடித்தளத்துக்கு உதவும்.

மழையும் வேர்வையும்

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெறும் பகுதி இது. 100 சதுர மீட்டர் கூரையில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 10,000 லிட்டர் தண்ணீர். இது கூரைப் பாத்தி வழியாக எங்கே போகும் என்று முடிவு செய்யாமல் கொட்டகை போட்டால், சரிவான விளையில் அடித்தளத்தின் மண்ணே கரையும், கீழ்விளைக்காரரோடு வழக்கும் வரும். தொட்டி கட்டிப் பிடித்தால் கோடையில் உதவும். கூரை ஓரம் ஒரு மீட்டராவது வெளியே நீண்டிருக்க வேண்டும். சாரல் பக்கத்திலிருந்துதான் வரும்.

மேலிருந்து வரும் தண்ணீரைவிடப் பொருளைக் கெடுப்பது உள்ளே உண்டாகும் தண்ணீர். இரவில் தகடு வெளிக்காற்றைவிடச் சீக்கிரம் குளிரும். கொட்டகைக்குள் நிற்கும் ஈரக்காற்று அதன் அடியில் பட்டு நீராகிச் சொட்டும். கொப்பரையின் ஈரப்பதம் 6 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால்தான் பூசணம் பிடிக்காது. மிளகை 12 சதவீதத்துக்குக் கீழே காயவைத்துத்தான் மூட்டை கட்டுகிறோம். அந்த உழைப்பெல்லாம் கூரைச்சொட்டில் போகும். தடுக்க வழி இரண்டு. கீழே காற்று நுழைய ஜாலி, மேலே முகட்டில் காற்று வெளியேற இடம் என்று காற்றோட்டம் செய்வது ஒன்று. தகட்டின் அடியில் அலுமினியத் தாள் பதித்த வெப்பத்தடுப்பு விரிப்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் நல்லது. கூரைமேல் சுழலும் காற்றாடி மட்டும் போட்டு, கீழே காற்று நுழைய வழி விடாவிட்டால் அதனால் பயனில்லை. தரையில் கான்கிரீட்டுக்குக் கீழே தடித்த பாலித்தீன் விரிப்பும், மூட்டைகளுக்குக் கீழே மரச்சட்டமும் வேண்டும். மூட்டை சுவரைத் தொடாமல் ஓர் ஆள் நடக்க இடம் விட்டு அடுக்க வேண்டும்.

நிலம், சட்டம், எல்லை

‘சுவரில்லை, ஷீட்தானே, அனுமதி எதற்கு?’ என்பது பரவலான எண்ணம். 1994-ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்துராஜ் சட்டம் ‘கட்டடம்’ என்பதற்குள் கொட்டகையையும் குடிசையையும் சேர்க்கிறது. உலோகத்தால் செய்தாலும் அது கட்டடமே. பஞ்சாயத்துகளில் 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகள் பொருந்தும். நெய்யாற்றின்கரை நகராட்சிக்குள் நகராட்சிகளுக்கான 2019 விதிகள். சேமிப்புக் கட்டடத்துக்கு விதிகளில் தனிப் பிரிவே இருக்கிறது. தீப்பிடிக்கும் பொருள் வைத்தால் நிபந்தனைகள் கூடும். உரிமம் பெற்றவர் கையெழுத்திட்ட வரைபடத்தோடு விண்ணப்பிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் கரம் கட்டிய ரசீதை எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் ‘புரையிடம்’ என்று இருந்தால் சரி. ‘நிலம்’, அதாவது வயல், என்று இருந்தால், இன்று அங்கே தென்னையோ ரப்பரோ நின்றாலும், 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். 2018-இல் வந்த திருத்தம், நெல்வயல்களைப் பதிந்த ‘டேட்டா பேங்க்’ பட்டியலில் சேராத நிலத்தைக் கட்டணம் கட்டி வகைமாற்ற வழி தந்தது. டேட்டா பேங்கில் இருந்தால் முதலில் அதிலிருந்து நீக்க வருவாய்த் துறையை அணுக வேண்டும். இதை முடிக்காமல் அட்வான்ஸ் கொடுத்தவர்களின் இரும்பு விளையில் கிடந்து துருப்பிடிக்கும்.

எல்லையின் அந்தப் பக்கம் விளவங்கோடு வட்டம். 1956 நவம்பர் 1 அன்று அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அங்கே பொருந்துவது தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், அதுவும் 2019-இல் வந்ததே. இரண்டு பக்கமும் விளை உள்ள குடும்பங்கள் இங்கே உண்டு. ஒரு பக்கத்து வரைபடத்தை மறுபக்கம் அப்படியே கொடுக்க முடியாது.

மின்கம்பி இன்னொன்று. 11 கேவி லைனுக்குப் பக்கவாட்டில் 1.2 மீட்டரும், கூரைக்கு மேலே 3.7 மீட்டரும் இடைவெளி வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணைய விதி. சித்திரை, வைகாசி மாதங்களில் இடியும் மின்னலும் கடுமையாக இருக்கும் நாடு இது. எல்லாத் தூண்களையும் இணைத்து முறையாக எர்த் செய்வது கட்டாயம்.

வழி, சுமை, பணம்

தொழிற்சாலைச் சட்டங்கள் 12 மீட்டர் நீளம்வரை வரும். எல்லைக் கிராமங்களின் இடவழிகளில், இரண்டு பக்கமும் வெட்டுக்கல் மதிலும் நடுவே ஒரு திருப்பமும் இருக்கும் இடத்தில், அந்த லாரி திரும்பாது. வழியை அளந்து, ‘ஆறு மீட்டருக்கு மேல் துண்டு வேண்டாம்’ என்று வரைபடம் போடும்போதே சொல்ல வேண்டும். கிரேன் வராத இடமென்றால் கப்பி வைத்துத் தூக்கக்கூடிய எடைக்குள் துண்டுகள் இருக்க வேண்டும்.

மார்த்தாண்டத்தில் செய்து பாறசாலைக்குக் கொண்டுவருவது மாநிலம் கடக்கும் சரக்கு. 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் வேண்டும். இறக்குவதற்குக் கேரளத்தின் சுமட்டுத் தொழிலாளர் சட்டமும் பதிவு பெற்ற தொழிலாளர்களும் இருக்கிறார்கள். வேலை செய்யாமல் கேட்கும் நோக்குகூலியை அரசு 2018 மே 1 முதல் ஒழித்துவிட்டது. ஆனாலும் இறக்குகூலி யார் பொறுப்பு என்று விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குவது தகராறைத் தவிர்க்கும்.

விலையைச் சதுர அடியில் கேட்காமல் மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: சட்டத்துக்குக் கிலோ கணக்கில், ஷீட்டுக்குச் சதுர மீட்டர் கணக்கில், அடித்தளத்துக்குக் கன மீட்டர் கணக்கில். மூன்று விலைப்புள்ளிகளையும் அப்போதுதான் ஒப்பிட முடியும். சதுர அடி விலையில் இளைத்துப்போவது எப்போதும் கண்ணுக்குத் தெரியாத அடித்தளமும் பிணைப்பும்தான். ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடன் வேண்டுவோருக்கு 2020-இல் மத்திய அரசு ஒரு லட்சம் கோடி ரூபாய் அளவில் அறிவித்த வேளாண் உட்கட்டமைப்பு நிதி உண்டு. 2 கோடி ரூபாய்வரை கடனுக்கு ஏழு ஆண்டுகள்வரை 3 சதவீத வட்டிச் சலுகை. சேமிப்புக் கிட்டங்கிகள் அதில் அடங்கும். கடன் வழங்கும் காலம் 2025-26 வரை என்று வகுத்திருந்ததால், இப்போதைய நிலையை வங்கியில் கேட்டுக்கொள்ள வேண்டும். 2023 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த கூட்டுறவுத் துறைத் தானியச் சேமிப்புத் திட்டமும் தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கங்களை நம்பியே வகுக்கப்பட்டது. இரண்டும் சொல்லாமல் சொல்வது ஒன்றுதான்: தனி வீட்டுக்குச் சின்னது, சங்கத்துக்குப் பெரியது.

எது யாருக்கு?

500 சதுர அடிக்குள், கருவி, உரம், கொஞ்சம் தேங்காய் என்றால் வெட்டுக்கல் அரைச்சுவரும் சதுரக் குழாய் ட்ரஸ்ஸும் போதும். பட்டறை உள்ளூராகவே இருக்கட்டும். ஆனால் ஒரு பொறியாளரிடம் காற்றுக்கணக்கும் அடித்தள அளவும் போட்டு வாங்கி, பட்டறையை அதன்படி செய்யச் சொல்ல வேண்டும். இதற்கு ஆகும் கட்டணம் மொத்தச் செலவில் சிறு பங்கு. 500 முதல் 2,000 சதுர அடிவரை இரண்டு வழியும் போட்டியிடும். நடுத் தூண் தொந்தரவு இல்லையென்றால் ட்ரஸ், வண்டி நுழைந்து திரும்ப வேண்டுமென்றால் ஆயத்தச் சட்டம். அதற்கும் மேலே, சங்கமோ வியாபாரியோ போடும் கிட்டங்கிக்கு முழு ஆயத்தக் கட்டடமே லாபம். இரும்பும் குறையும், நாளும் குறையும், பின்னால் நீட்டிக்கவும் முடியும். கடலோர ஊர்களில் எதைப் போட்டாலும் பணத்தை முதலில் பூச்சில் செலவழிக்க வேண்டும். மலையடிவார ஊர்களில் மண்ணை வெட்டி நிரப்பிய இடத்தில் தூண் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த வழியில் போனாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் கையில் இருக்க வேண்டிய தாள்கள் நான்கு: புரையிடம் என்று காட்டும் கரம் ரசீது, பஞ்சாயத்து அனுமதி, விநாடிக்கு 39 மீட்டர் காற்றுக்குக் கணக்கிட்டு ஒருவர் கையெழுத்திட்ட வரைபடம், ஷீட்டின் எஃகுக் கனமும் பூச்சும் எழுதிய விலைப்புள்ளி. மூன்றாவது தாளைத் தர மறுக்கிறவர் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் அவரிடம் வாங்க வேண்டாம்.